மத்தியானப் பழைய பாட்டை எடுத்துட்டாங்க: எல்லைப் பக்கம் இருக்கவங்க இப்ப எந்த ஸ்டேஷன் கேக்குறீங்க?

தையல்கடை_களியக்காவிளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நமக்க கடை களியக்காவிளையில, தமிழ்நாடு-கேரளா எல்லையில. மூணு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு ரேடியோ. காலையில ஷட்டர் தூக்குனா ராத்திரி இறக்குறது வரைக்கும் அது பாடிக்கிட்டே கெடக்கும். நாகர்கோவில் வானொலி, 101 எஃப்எம், நல்லா எடுக்கும். திருவனந்தபுரத்து மலையாள எஃப்எம் எல்லாம் அதைவிடத் தெளிவா எடுக்கும். திருநெல்வேலிப் பக்கத்துத் தனியார் ஸ்டேஷன் ஒண்ணு ரெண்டு, ஏரியல நீட்டி ஜன்னல் கம்பியில சாய்ச்சு வச்சா, இரைச்சலோட வரும்.

அந்த இரைச்சல் ஸ்டேஷன்ல ஒண்ணு (பேரு வேண்டாம், கேக்குறவங்களுக்குத் தெரியும்) மத்தியானம் முழுக்கப் பழைய பாட்டு போட்டுட்டு இருந்தது. இரைச்சலையும் பொறுத்துக்கிட்டுக் கேட்டோம். இப்ப திடீர்னு எடுத்துட்டாங்க. புதுப்பாட்டுதான், அதுவும் ஒரு பத்து இருபது பாட்டையே சுத்திச் சுத்தி. காஜா எடுக்குற அக்கா நேத்து சொல்லுது, "இந்தப் பாட்டு முடிஞ்சா அடுத்தது எதுன்னு நான் சொல்லட்டா?" சொல்லிச்சு. சரியா இருந்தது.

யாருக்காவது காரணம் தெரியுமா? நீங்கல்லாம் இப்ப என்ன கேக்குறீங்க?

மழைக்காலம்22 எழுதியது:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இந்த மாத்தம் பிடிச்சிருக்கு. நான் காலேஜ் பஸ்ல கேக்குற ஆளு. மத்தியானம் கிளாஸ் முடிஞ்சு வரும்போது டிரைவர் அந்த ஸ்டேஷன் வச்சா பஸ் முழுக்கத் தூங்கிடும்.

இன்னொண்ணு. பழைய பாட்டுன்னா யாரோட பழசு? எங்க பாட்டாவுக்கு டி.எம்.எஸ்., சுசீலா. அப்பாவுக்கு இளையராஜா. எனக்கு யுவனும் ஹாரிஸும்தான் பழசு, சின்ன வயசுல கேட்டது அதுதான். ஸ்டேஷன்காரன் எவ்வளவு தூரம் பின்னாடி போவான்?

ரப்பர்பால் எழுதியது:

தங்கச்சி கேட்டது நியாயம். ஆனா பஸ்ஸுல கேக்குறவங்க முக்கால் மணி நேரம் கேக்குறாங்க, தையல்கடையில நாள் முழுக்கக் கேக்குறாங்க. திருப்பித் திருப்பிப் போட்டா யாருக்கு உறுத்தும்?

நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவன். குலசேகரம் பக்கம். விடியும் முன்ன தலையில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் நடக்கும்போது இடுப்புல ஒரு சின்ன ரேடியோ. அந்த நேரம் தனியார் ஸ்டேஷன்ல மனுசக் குரலே கிடையாது, கம்ப்யூட்டர் பாட்டுதான் ஓடும். அதான் நான் நாகர்கோவில் வானொலி ஆளு. அங்க பேசுறது நம்ம பேச்சு மாதிரி இருக்கும்.

மைக்_பழசு எழுதியது:

நான் கொஞ்ச வருசம் ஒரு தனியார் எஃப்எம்ல ஆர்ஜே-யா இருந்தவன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. காரணம் கேட்டாரே தையல்கடை அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்ச அளவு சொல்றேன்.

பாட்டை ஆர்ஜே தேர்ந்தெடுக்குறான்னு வெளியில நினைக்குறாங்க. இல்லை. மியூசிக் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பார், பல நேரம் வேற ஊர்ல. அவர் பாட்டுகளைத் தட்டு தட்டாப் பிரிச்சு மென்பொருள்ல ஏத்தி வச்சிருப்பார். புது ஹிட் ஒரு தட்டு, அதுக்குக் கொஞ்சம் முந்தினது ஒரு தட்டு, பழசு ஒரு தட்டு. முதல் தட்டுல இருக்கறது சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரணும். அந்தத் தட்டு சின்னதா இருந்தா காஜா அக்கா சொன்ன கதைதான். ஸ்டூடியோவுல எங்களுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல வரிசை ஓடும், நடுவுல பேசறதுக்கு சில நொடி கொடுப்பாங்க. அதை லிங்க்னு சொல்வோம். ஜோசியம், மொக்கை ஜோக், ஸ்பான்சர் பேரு எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

நேயர் போன் பண்ணிக் கேட்டா போடுவீங்களான்னு கேப்பீங்க. எங்க ஸ்டேஷன்ல பெரும்பாலும் ஏற்கெனவே வரிசையில இருந்த பாட்டைக் கேட்டவங்க போனைத்தான் ஒலிபரப்புவோம்.

மத்தியானப் பழைய பாட்டு போனதுக்குக் காரணம் நேயர் குறைஞ்சதா இருக்காது. விளம்பரம் கொடுக்கறவங்க இளவட்டம் வேணும்னு கேட்டிருப்பாங்க. போன் கடை, பைக் ஷோரூம், கோச்சிங் சென்டர்.

தையல்கடை_களியக்காவிளை எழுதியது:

அப்போ நான் இத்தனை நாள் போன் போட்டது?

மைக்_பழசு எழுதியது:

அண்ணாச்சி உங்க பாட்டு வரிசையில இருந்திருக்கும் :)

டவர்_சார் எழுதியது:

ஒலிபரப்புத் துறையில பொறியியல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்_பழசு சொன்னதோட சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

நேயர் எத்தனை பேர் என்பதை யார் அளக்கிறார்கள் என்று பாருங்கள். 2007-இல் ரேடியோவுக்கென்று ஆர்.ஏ.எம். என்ற கணக்கெடுப்பு வந்தது. வாராவாரம் அளந்தது டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு ஊர்களில். திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ அதில் இல்லை. எனவே உங்கள் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சியை எடுப்பதா வைப்பதா என்ற முடிவு விளம்பரப் பிரிவின் கையில்தான் இருக்கும்.

அடுத்தது எல்லை. தனியார் எஃப்எம் உரிமம் ஊர்க்கணக்கில் ஏலம் விடப்படுகிறது. திருநெல்வேலிக்கு உரிமம் எடுத்தவர் திருநெல்வேலிக் கடைகளிடம் விளம்பரம் வாங்குகிறார். களியக்காவிளையில் இரைச்சலோடு கேட்கும் தையல்கடை அவர் கணக்கிலேயே வராது. திருவனந்தபுரத்து நிலையத்துக்கும் நீங்கள் கணக்கில் இல்லை, நீங்கள் தமிழர், மாநிலத்துக்கு வெளியே. இரண்டு பக்கமும் அலை வருகிறது, இரண்டு பக்கமும் உங்களுக்காக வரவில்லை.

மூன்றாவது, தனியார் எஃப்எம்முக்கென்று 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை. ஒரே நிறுவனம் தன் நிலையங்களை நாடு முழுக்க ஒன்றோடொன்று இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பலாம் என்று அனுமதித்தது. செலவு மிச்சம். மத்தியான நேரத்துக்கு ஊருக்கு ஒரு ஆள் வைப்பதற்குப் பதில் தலைமையிடத்தில் ஒருவர் போதும்.

வெளிச்சம்_வடசேரி எழுதியது:

இதுக்கெல்லாம் எதுக்குக் கவலை? போன்ல ஆப் இருக்கு, எந்தப் பாட்டு வேணும்னாலும் வரும். ரேடியோவே செத்த சமாச்சாரம்.

ரப்பர்பால் எழுதியது:

கத்தியும் கையுமா மரத்துல நிக்கும்போது எந்தப் பாட்டுன்னு தேடச் சொல்றீங்களா அண்ணே?

மர்பி_பாட்டா எழுதியது:

பிள்ளைகளே, இந்தக் கூத்து புதுசு இல்ல. நான் திருவிதாங்கூர் காலத்துல பிறந்தவன். திருவனந்தபுரம் வானொலி 1943-ல சமஸ்தானத்து வானொலியா ஆரம்பிச்சது, 1950-ல அகில இந்திய வானொலிக்குப் போச்சு. நாங்க குமரி மாவட்டம்னு தமிழ்நாட்டுக்கு வந்தது 1956 நவம்பர் 1. ஆக எங்க வீட்டு ரேடியோ மாநிலம் மாறாமலே இருந்தது, நாங்கதான் மாறினோம்.

1952-ல கேஸ்கர்னு ஒரு மத்திய மந்திரி, சினிமாப் பாட்டு கேட்டா ஜனங்க கெட்டுப் போவாங்கன்னு வானொலியில அதைக் கிட்டத்தட்ட ஒழிச்சுக் கட்டினார். கச்சேரியா போட்டாங்க. ஜனங்க என்ன செஞ்சாங்க? முள்ளைத் திருப்பி இலங்கைக்கு வச்சாங்க. நம்ம கடற்கரைப் பக்கம் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி கேக்கும். தேத்தண்ணிக் கடையெல்லாம் இலங்கைதான். கடைசியில 1957 அக்டோபர்ல விவித பாரதின்னு ஒண்ணைத் தொடங்கி சினிமாப் பாட்டைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. மந்திரிக்கு எத்தனை பேர் கடிதாசு எழுதினாங்களோ தெரியாது, முள்ளு திரும்பினதுதான் அவங்களைத் திருப்பிச்சு.

பிறகு அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா குரல் கேக்காத வீடு உண்டா? பாட்டு எல்லாரும் போட்டாங்க. அவங்க பாட்டுக்கு முன்னாடி சொல்ற ரெண்டு வரிக்காகத்தான் காத்திருந்தது.

பாறசாலை_டீச்சர் எழுதியது:

பாட்டா சொன்னது எங்க பக்கம் அண்மையிலயும் நடந்தது. நான் பாறசாலை, பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கிறேன். எங்க வீட்டுல காலையில அடுக்களையில ஓடுறது திருவனந்தபுரம் 101.9, அதாவது அனந்தபுரி எஃப்எம். மலையாள சினிமாப் பாட்டு, நேயர் விருப்பம், ஊர் விசேஷம். 2023-ல அதை நிறுத்திட்டு, மத்திய அலையில, அதாவது மீடியம் வேவ்ல, 1161-ல வந்துட்டிருந்த திருவனந்தபுரம் முதன்மை நிலையத்தை அந்த அலைவரிசைக்குக் கொண்டு வந்தாங்க. ஊரே பேசிச்சு. பேப்பர்ல வந்தது, அரசியல்காரங்க சொன்னாங்க, நேயர்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க.

அப்ப நானும் கோபப்பட்டேன். ஆனா எங்க மாமியாருக்கு சந்தோஷம். அவங்க முதன்மை நிலையத்து ஆளு: நாடகம், வயலும் வீடும் மாதிரி விவசாய நிகழ்ச்சி, செய்தி. மீடியம் வேவ் கரகரன்னு இருக்கும், இன்வெர்ட்டர் பக்கத்துல வச்சா ஒண்ணுமே கேக்காது. இப்ப எஃப்எம்ல தெளிவாக் கேட்டதும் "இப்பதான் கொள்ளாம்"னாங்க, நல்லாருக்குன்னு. ஒரே வீட்டுல ஒரே நாள்ல எனக்கு ஸ்டேஷன் போச்சு, அவங்களுக்கு ஸ்டேஷன் வந்தது. அடுக்களை ரேடியோவுக்குச் சண்டை இன்னும் முடியல.

டவர்_சார் எழுதியது:

டீச்சர் சொன்ன மாமியார் கதைதான் அந்த முடிவின் உள்ளே இருந்த சிக்கல். மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் பழசு, மின்செலவு அதிகம், உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. கைப்பேசியில் மத்திய அலை வராது, எஃப்எம் மட்டும்தான் வரும். முதன்மை நிலையத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் எஃப்எம்முக்குக் கொண்டு வந்தாக வேண்டும். புது அலைவரிசையும் புது டிரான்ஸ்மிட்டரும் போட்டால் இரண்டும் இருந்திருக்கும். இருக்கிறதிலேயே ஒன்றை எடுத்து மற்றதை வைத்தார்கள். பாட்டு கேட்பவர்களுக்கு அது இழப்பு என்பதை நான் மறுக்கவில்லை.

கடலோரம்_குளச்சல் எழுதியது:

பாட்டு பாட்டுன்னு எல்லாரும் பேசுறீங்க. எங்க ஆளுங்க கடல்ல இருக்காங்க.

எஃப்எம் கரையில இருந்து கொஞ்ச தூரம் போனா தீர்ந்துது. பூமி வளைவு, அலை நேராப் போகும், அதுக்கு மேல எடுக்காது. மத்திய அலை அப்படி இல்ல, கடல் தண்ணி மேல நல்லா ஓடும். எங்க அப்பா காலத்துல வள்ளத்துல ஒரு பழைய டிரான்சிஸ்டர் பாலித்தீன் கவர்ல சுத்திக் கெடக்கும். கடல் சீற்றம், காத்து அறிவிப்பு அதுலதான். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச அன்னைக்கு ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு எந்தச் சேதியும் போய்ச் சேரல. எங்க தெருவுல இன்னும் அதைப் பேசாம நாள் போகாது. அப்புறம் சேட்டலைட் கருவி அது இதுன்னு வந்துது. ஆனா மீடியம் வேவ மூடுறாங்கன்னு கேட்டா எங்களுக்கு வயித்தக் கலக்கும். உங்களுக்குப் பாட்டு மாறுது. எங்களுக்கு அப்படி இல்ல.

மழைக்காலம்22 எழுதியது:

அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்ல.

குமரித்தமிழன்_01 எழுதியது:

பாட்டு மாறுனது நல்லதுதான். நான் பார்த்த வரைக்கும் இங்க எல்லாக் கடையிலயும் மலையாளப் பாட்டுதான் ஓடுது. தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு மலையாள ஸ்டேஷன் எதுக்குக் கேக்கணும்? அவன் நம்ம பாட்டப் போடுறானா?

பாறசாலை_டீச்சர் எழுதியது:

நான் கேரளாவுல இருக்கேன், தமிழ் சொல்லிக் கொடுக்கறேன். என்னை எந்தக் கணக்குல போடுவீங்க தம்பி?

கொழிஞ்சாம்பாறை_மணி எழுதியது:

பாலக்காட்டுக்குக் கிழக்க, கொழிஞ்சாம்பாறையில இருக்கறனுங்க. எங்க ஊரு கேரளா, பேச்சு தமிழு, சந்தை பொள்ளாச்சி. எந்த ஸ்டேஷன் யாருதுன்னு பார்த்து நாங்க கேட்டதில்லீங்க.

எங்களுக்குக் கோடைப் பண்பலைதாங்க எல்லாம், 100.5. கொடைக்கானல் மலை உச்சியில டவர் நிக்கறதால தேனி, திண்டுக்கல், மதுரை, கோயமுத்தூர், இடுக்கிப் பக்கம், எங்க ஊருன்னு எங்கயும் எடுக்கும். பாலக்காட்டுக் கணவாய் தொறந்து கெடக்கறதால கோயமுத்தூர் ஸ்டேஷனும் காத்து மாதிரி உள்ள வந்துரும். தோட்டத்துல மோட்டாரப் போட்டுட்டு வரப்புல உக்காந்தா ஒரு பக்கம் கோடை, திருப்புனா மலையாளம்.

தம்பி, மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பொறந்தது எங்க பக்கம் எலப்புள்ளியில. அவரு தமிழா மலையாளமா? ஜானகியம்மா ஆந்திராக்காரங்க, மலையாளத்துல பாடுனா மலையாளத்துக்காரங்க அவங்களத் தங்களோட ஊர்க்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏசுதாஸ் தமிழ்ல பாடுனத எடுத்துட்டா ஐயப்பன் சீசன்ல எதைப் போடுவீங்க?

ரப்பர்பால் எழுதியது:

போடு மணி அண்ணே.

நடத்துநர் எழுதியது:

மொழிச் சண்டைக்கு இது இடம் இல்லை. குமரித்தமிழன்_01 அடுத்து எழுதிய பதிவை எடுத்திருக்கிறேன். ரேடியோவைப் பற்றி மட்டும் பேசலாம்.

மைக்_பழசு எழுதியது:

மணி அண்ணன் சொன்னதுல தொழில் சம்பந்தமா ஒரு விஷயம் இருக்கு. நான் வேலை பார்த்த இடத்துல எல்லைப் பக்க நேயர்கள் நிறைய. வாரத்துல ஒரு நாள் மலையாளப் பாட்டு கலந்து போடலாம்னு நாங்க கேட்டோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்த போன் மத்த நாள்ல வந்ததைவிட அதிகம். ஆனா அந்த நேரத்தை விளம்பரத்துல விக்க முடியலைன்னு மேல சொன்னாங்க. தமிழ் ஸ்டேஷன்ல விளம்பரம் கொடுக்கறவர் தமிழ்ப் பாட்டுதான் கேக்கறார், மலையாளிகளைத் தேடறவர் திருவனந்தபுரம் ஸ்டேஷனுக்குப் போறார். நடுவுல இருக்கற ஆளை யாரும் வாங்கலை. எடுத்துட்டாங்க.

தையல்கடை அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. ஸ்டேஷனுக்கு போன் போடறது, கடிதம் எழுதறது எல்லாம் சரி, அது வரவேற்பறையிலயே நின்னுடும். மத்தியானத்துல எந்தக் கடை விளம்பரம் வந்துட்டிருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? ஜவுளிக்கடையோ, நகைக்கடையோ, மருந்துக்கடையோ. அந்தக் கடைக்குப் போய் "உங்க விளம்பரம் கேட்டுட்டிருந்தோம், இப்ப அந்த நேரம் ரேடியோவை அணைச்சுடறோம்"னு சொல்லுங்க. நாலு பேர் சொன்னாப் போதும். விளம்பரப் பிரிவுக்கு அன்னைக்கே போன் போகும். நான் பார்த்திருக்கேன்.

தையல்கடை_களியக்காவிளை எழுதியது:

ஞாபகம் இல்லாமலா? ஒரு துணிக்கடை விளம்பரம் தலைகீழா மனப்பாடம். நமக்கு லைனிங் துணி வாங்குறதும் அதே கடையிலதான். தங்கச்சி மழைக்காலம், உனக்கும் பஸ்ஸுக்கும் சாயங்காலம் விட்டுத் தரலாம், மத்தியானம் மட்டும் எங்களுக்குப் போதும்.

மழைக்காலம்22 எழுதியது:

டீல். ஆனா உங்க பழசுல 2000-க்குப் பிறகு வந்ததும் கொஞ்சம் சேக்கச் சொல்லுங்க :)

வெளிச்சம்_வடசேரி எழுதியது:

செத்த சமாச்சாரம்னு சொன்னதுக்கு இவ்வளவு பேர் திட்டுறீங்க. சரி, ஒரு கேள்வி. என் புதுப் போன்ல எஃப்எம்மே இல்ல, இயர்போன் ஓட்டையும் இல்ல. ரேடியோ எங்க இருந்து கேக்க?

டவர்_சார் எழுதியது:

இயர்போன் கம்பிதான் போனில் ஏரியல். அந்த ஓட்டையை எடுத்ததோடு எஃப்எம்மும் போயிற்று. 2023-இல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு எஃப்எம் வசதியைக் கொடுக்கும்படி அறிவுறுத்தல் அனுப்பியது, பேரிடர் நேரத்தில் நெட் இல்லாமலும் கேட்கலாம் என்பதால். இப்போதைக்கு ஆகாசவாணி நிலையங்கள் பல நியூஸ்ஆன்ஏர் செயலியில் கிடைக்கின்றன. அதற்கு நெட் வேண்டும்.

தையல்கடை நண்பருக்கு: இரைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. திருநெல்வேலிக்கும் உங்களுக்கும் நடுவே களக்காடு மலைத்தொடர் நிற்கிறது, அதனால்தான் அந்தத் தடுமாற்றம். சாதாரண இரட்டைக் கம்பி ஒயர் வாங்கி, ஒரு முனையில் இரண்டு கம்பியையும் பிரித்து, ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர் இருக்கும்படி எதிரெதிர்ப் பக்கம் நீட்டுங்கள். மரப்பட்டையில் ஆணி அடித்துக் கட்டி, கடையின் கூரைக்கு மேலே வையுங்கள். அகலப் பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். மறுமுனையில் ஒரு கம்பியை ரேடியோவின் ஏரியலோடு சேர்த்து, மற்றதை உள்ளே பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு கொடுங்கள். படுக்கையாகவும் செங்குத்தாகவும் வைத்துப் பாருங்கள், எதில் தெளிவோ அப்படியே விட்டுவிடலாம். கரண்டில் ஓடும் செட் என்றால் உள்ளே கை வைக்க வேண்டாம், ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள்.

தையல்கடை_களியக்காவிளை எழுதியது:

சாரே, நம்முடையது பேட்டரி செட்டுதான். ஒயர் கடையிலயே கெடக்கு, பட்டைக்குப் பழைய அளவுகோல் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை கூரையில ஏறிடலாம். துணிக்கடைக்கும் அன்னைக்கே போறேன். ஒரு சந்தேகம்: ஐப்பசி, கார்த்திகையில இங்க இடி பயங்கரமா விழும். கம்பி மேல நிக்கறது பயம் இல்லியா?

டவர்_சார் எழுதியது:

பயம்தான். மேகம் கறுத்தால் கடைக்குள் ஒயரைக் கழற்றி, ரேடியோவைவிட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள். ராத்திரி ஷட்டர் இறக்கும்போதும் அப்படியே.